முந்திக்கொண்ட நேர்த்திக்கடன்

1

இது ஒட்டுக்கேட்ட கதை. போன மாதம், இத்தாலியில் எங்கள் கடலோர ஊர்ப் பேராலயத்தில் மழைக்கு ஒதுங்கினேன். தூணுக்கு அந்தப் பக்கம் இருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிதான் காதில் விழுந்தது. மீதியை நானே எழுதுகிறேன், பயந்துகொண்டே.

‘ஆத்ரியக் கடலின் உப்புக்காற்றை எண்ணூறு ஆண்டுகளாகத் தின்று நிற்கும் இக்கற்சுவர்கள்...’

(அடித்துவிட்டேன். உள்ளே ஒருத்தி நடுங்கிக்கொண்டிருக்கும்போது சுவரைப் பற்றி யாருக்குக் கவலை?)

2

அவள் பெயர் ரொசால்பா என்று வைத்துக்கொள்வோம். கணவன் வீத்தோ படகு மெக்கானிக். கதையில் இன்று, பக்கத்துப் பாரி நகர ஆஸ்பத்திரியில் அவனுக்கு இதய ஆபரேஷன். “உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. போய் மாதாகிட்ட உக்காரு” என்று விரட்டிவிட்டான். மகள் அங்கே காத்திருக்கிறாள். முடிந்ததும் போன் செய்வாள்.

மாதா பீடத்தைச் சுற்றிச் சுவரெல்லாம் வெள்ளி உருவங்கள்: கண், கால், நுரையீரல். பிழைத்தவர்கள், பிழைத்த பிறகு மாட்டியவை. ரொசால்பா ஒரு வெள்ளி இதயத்தை வாங்கிவந்து காலி ஆணியில் மாட்டிவிட்டாள். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை மிங்கூச்சோ பார்த்துவிட்டார்.

“ஏம்மா, ஆபரேஷன் முடிஞ்சிருச்சா?”

“நடந்துகிட்டிருக்கு.”

“அப்ப இது என்னத்துக்கு? இது நன்றிக்கு மாட்டுறது. மாதா இன்னும் குடுக்கவே இல்லையே! கர்ப்பமே ஆகல, தொட்டில ஆட்டுறியே!”

“அவங்க மறந்துடக் கூடாதுன்னுதாண்ணே.”

“மாதாவையே அவசரப்படுத்துறியா? ஆகாதும்மா. கழட்டு.” கெட்டது விலக, பையிலிருந்த இரும்புச் சாவியைத் தொட்டுக்கொண்டார்.

ரொசால்பாவின் கை மேலே போனது. இதயத்தைப் பிடித்தது. அப்படியே நின்றது.

“கழட்டினா, அவரு நெஞ்சுலேருந்து நானே புடுங்கின மாதிரி ஆயிடுமே!”

மிங்கூச்சோ மறுபடியும் சாவியைத் தொட்டுக்கொண்டார். “ஐயோ, ஆமா. கழட்டாத. இல்ல, கழட்டு... எனக்குத் தெரியலையே தாயி!”

3

(மிங்கூச்சோ இவ்வளவு கறாரானவரா? சந்தேகமாக இருக்கிறது. அவர் மனைவியும் அதே ஆஸ்பத்திரியில்தான்... வேண்டாம். எல்லார் வீட்டிலும் சாவு வைக்க வேண்டியதில்லை.)

4

முடிவு ஒன்று: வீத்தோ பிழைத்துவிட்டான். ஊரே கூடி மீன் பொரித்துத் தின்கிறது.

முடிவு இரண்டு: அவள் இதயத்தைக் கழட்டுகிறாள், அதே நொடியில் அங்கே

(இதை முடிக்க மாட்டேன்.)

முதல் முடிவில் என்ன குறை என்பீர்கள். எழுதி முடித்ததும் எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. கதைக்குள் அங்கே இன்னும் அவன் நெஞ்சைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு பிழைத்துவிட்டான் என்று எழுதுகிறேன். ரொசால்பா செய்ததும் இதுதானே? நானும் இந்த ஊர்க்காரன், நல்லதை முந்திச் சொன்னால் நடக்காமல் போய்விடும் என்று பயப்படுகிறவன். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

5

போன் அடிக்கிறது. மகள்.

“எடும்மா” என்கிறார் மிங்கூச்சோ.

“நீங்க எடுங்கண்ணே. நான் இதப் புடிச்சிட்டிருக்கேன்.”

அவள் வெள்ளி இதயத்தை இரண்டு கைகளாலும் ஆணியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறாள். அவள் பைக்குள் கைவிட்டுத் துழாவுகிறார் மிங்கூச்சோ.

இனி முடிவு உங்களுடையது. நல்லதையே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மகள் போனில் பேசும்வரை, தயவுசெய்து, வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள்.