மூடிய குழிகள்

செத்தவரின் வேட்டி மடிப்பிலிருந்து விழுந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டுச் சின்னச்சாமி அடுத்த குடத்தைத் தூக்கினார். மூக்கம்மா குனிந்து அதை எடுத்தாள்.

“அது எதுக்குடி? வேரும் மண்ணும். அங்கிட்டுப் போடு.”

“வேரில்ல சித்தப்பா. தலை.”

சின்னச்சாமி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர், கட்டிலில் கிடத்தியிருந்த அவருடைய அண்ணனின் மார்பில் விழுந்து, சேற்றைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. மூக்கம்மா அந்தக் கிழங்குத் தலையைச் சேலைக்குள் செருகிக்கொண்டாள்.

அவளுடைய அப்பன் சுருளியாண்டி நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பியவர். இரவெல்லாம் மழை. விடிந்ததும் ஓடைக்கு மேலே ஒரு பாறையில் சாய்ந்திருந்தவரைக் கண்டார்கள். உடம்பில் காயம் எதுவும் இல்லை. குளிர்தான் கொண்டுபோயிருந்தது.

வனக்காவலர் வந்து “என்னப்பா ஆச்சு?” என்று கேட்டபோது, மூக்கம்மாவின் தம்பி சுரேஷ்கண்ணன் முந்திக்கொண்டு, “குடிச்சிட்டுப் போயி விழுந்துட்டாரு சார்” என்றான். அவர் வேறெதுவும் கேட்காமல் போய்விட்டார். அந்தச் சொல் மட்டும் போகவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும், “இந்தக் குடி யார விட்டுச்சு” என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். சுருளியாண்டியின் வாயில் சாராய வாடையை மூக்கம்மா பிறந்ததிலிருந்து அறிந்ததில்லை.

தம்பியை வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏலே, எப்படா குடிச்சாரு நம்மப்பன்?”

“சும்மா இரு அக்கா. வேற என்னத்தச் சொல்ல? புத்தி பெரண்டு போச்சுன்னு சொன்னா, எப்பருந்து, ஏன் பாக்கல, யாரு வெளிய விட்டதுன்னு கேப்பாக. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி அறுப்பாக. குடின்னு சொன்னா ஒடனே நம்புவாக. நம்மளப் பத்தி எதச் சொன்னா நம்புவாகன்னு எனக்குத் தெரியும்.”

“அதுக்காக குடிகாரனாப் பொதைக்கவா?”

“செத்தவருக்கு என்னக்கா?”

அவனை அறைந்துவிடலாம் போலிருந்தது. அவன் சொன்னதில் பாதி உண்மையாக இருந்ததுதான் கோபத்தை இன்னும் கிளறியது.

பெரியகுளத்துக்கு மேலே, மாந்தோப்புகள் முடிந்து காடு தொடங்கும் சரிவில் இருந்தது அந்தப் பளியர் காலனி. வீடுகள் எல்லாம் ஒரே வார்ப்பு. ஒரே நீலம், ஒரே கதவு, எல்லா வாசலும் ஒரே திசை. காட்டுக்குள் இருந்தவரை சுருளியாண்டி வீட்டைத் தேடியதில்லை. ஓடைச் சத்தம் இடது காதில் கேட்டால் மேடு, இரண்டு காதிலும் கேட்டால் வீடு. கால் அதுவாகப் போய்ச் சேரும். இங்கே கண்ணை மட்டும் நம்ப வேண்டியிருந்தது. கண்ணுக்கோ எல்லா வீடும் ஒன்றுதான். அடுத்த வீட்டு அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டு, “கஞ்சி எங்கத்தா?” என்பார். அங்கிருந்த பெண்கள் கத்துவார்கள். தள்ளாடி வருகிற கிழவனைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல ஒரே ஒரு சொல்தான் கையில் இருந்தது. சுரேஷ்கண்ணன் இரவில் கதவை வெளியே பூட்ட ஆரம்பித்தான்.

ஆனால் மூக்கம்மாவுக்கு அதற்கு வெகு முன்பே தெரியும்.

காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. கொடி மண்ணுக்குள் இறங்குகிற இடத்தைத்தான் தலை என்பார்கள். அடுத்த முளை அங்கேதான் உறங்கிக்கொண்டிருக்கும். கீழே தொங்குகிற சதையை ஒடித்து எடுத்துக்கொண்டு, ஒரு பிடி அளவு தலையைக் கொடியோடு குழியில் திரும்ப வைத்து, மண்ணைத் தள்ளி, குதிகாலால் அழுத்த வேண்டும். மழை விழுந்ததும் தலை மறுபடி கீழ்நோக்கிச் சதை கட்டும். குழியைத் திறந்து போட்டுவிட்டு வருகிறவனோடு யாரும் காட்டுக்குப் போக மாட்டார்கள். அவன் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். தன் பிள்ளைகள் வாயில் மண்ணைப் போடுகிறவன் என்று பெயர்.

ஒருநாள் ஓடைப்பக்கம் போனபோது அப்பனின் குழி வாய் பிளந்து கிடந்தது. தலை பக்கத்தில் வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. மூக்கம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை எடுத்து வைத்து மூடினாள். அதன்பிறகு அவர் காட்டுக்குப் போகும்போதெல்லாம், விறகுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனாள். தம்பியிடமும் சொல்லவில்லை. குடிகாரன் என்ற பெயரைக் கேட்டு அவள் வாயை மூடிக்கொண்டதும் இதனால்தான். மறுத்துப் பேசினால் குழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும்.

“டாக்டர் வருவாருன்னு சொன்னாகளே, அதுக்கு என்னாச்சு?” என்று வாசலில் யாரோ இழுத்தார்கள்.

டாக்டர் வந்துதான் போயிருந்தார். மலைவாழ் மக்களில் வயதானவர்களுக்கு மறதி நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்கெடுக்க, பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டு ஒரு முகாம் நடந்தது. சுருளியாண்டியிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார்கள். இது எந்த மாவட்டம்? நூறில் ஏழு போனால் எவ்வளவு?

“அது எங்க போச்சு?” என்று கேட்டார் சுருளியாண்டி. பந்தலே சிரித்தது.

ஒரு பானையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, ஊற்றிய தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கலாம். ஊற்றாத தண்ணீர் ஏன் இல்லை என்று கேட்டால் பானை என்ன செய்யும்? தேதி அவரிடம் எப்போதும் இருந்ததில்லை. நல்ல தெளிவோடு இருந்த கிழவர்களும் அன்றைக்கு அதே கேள்விகளில் விழுந்தார்கள். காலனி முழுக்க நோயாளிகள் என்று வந்தது. டாக்டர் நேர்மையான ஆள்தான். இந்தக் கேள்விகள் இவர்களுக்குப் பொருந்தாது, வேறு கேள்விகளோடு வருகிறோம் என்று சொல்லிப் போனார். மறுபடி வரவில்லை. நோய் எல்லாருக்கும் இருந்தால் யாருக்கும் இல்லை என்றுதானே ஆகிறது.

சுகாதார நர்ஸ் ஜான்சி மூச்சு வாங்க மேடேறி வந்தாள். கையில் ஒரு மாலை.

“மூக்கம்மா... இப்பத்தான் சொன்னாக. மனசு கேக்கல.”

“வாங்க நர்சம்மா. எத்தன பேருன்னு எண்ண வந்தீகளே, ஒண்ணு கொறஞ்சிருச்சு. கணக்குல அடிச்சிக்கங்க.”

ஜான்சி மாலையைக் கீழே இறக்கினாள். “அன்னைக்கே நான் சொன்னேன்மா, வீட்டு ஆளுககிட்டக் கேக்கணும்னு...”

“கேட்டீகளா?” மூக்கம்மாவின் குரல் உயர்ந்தது. “பந்தலுக்குப் பக்கத்துலதான நின்னேன்? ஏழு எங்க போச்சுன்னு சிரிச்சீக. உங்கப்பன் எதச் செய்ய மறந்தாருன்னு ஒரு வார்த்தை கேட்டீகளா? எனக்குத்தான் தெரியும். குழிய மூட மறந்தாரு. தலைய வெயில்ல போட்டுட்டு வந்தாரு. போதுமா? எல்லாரும் கேட்டுக்கங்க. குடிகாரன் இல்ல எங்கப்பன். தலை வைக்க மறந்தவரு. பின்னாடியே போயி நான் மூடினேன்.”

ஒப்பாரி நின்றுபோனது. சுரேஷ்கண்ணன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூலையில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு வீராயி தலையைத் தூக்காமலே பேசினாள்.

“எங்க மாமியாளும் வைக்கிறதில்ல.”

“என்ன?”

“தலைய வைக்கிறதில்ல. நாந்தேன் போயி மூடுவேன். ஓடைக்கு மேக்க.”

“ஓடைக்கு மேக்க நான்ல மூடினேன்?”

“அப்ப பாதி நீயி, பாதி நானு போல.”

அப்பனுடையது என்று நினைத்து மூக்கம்மா மூடிய குழிகளில் எத்தனை வேறு யாருடையவை? எத்தனை பேர் விறகு என்று சொல்லிக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் அந்தக் காட்டில் நடந்துகொண்டிருந்தார்கள்?

அப்போதுதான் சின்னச்சாமியின் மனைவி எழுந்து கட்டிலருகே போனாள். அவர் கழுவி முடித்த அண்ணனின் காலையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். கால் வெளுத்துப்போயிருந்தது. அவள் குடத்தை வாங்கிக் கீழே வைத்து, அவர் கையைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டாள். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

ஜான்சி ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். “மூட மறந்தாருன்னு மொதல்ல எப்ப பாத்த மூக்கம்மா? சொல்லு.”

“இப்பக் கேளுங்க,” என்றாள் மூக்கம்மா. “இப்ப நல்லாக் கேளுங்க.” எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வீராயி நகர்ந்து ஜான்சியின் பக்கத்தில் உட்கார்வதைத் தூரத்திலிருந்து பார்த்தாள்.

மதியத்துக்குள் புதைத்தார்கள். மண் தள்ளும்போது கீழ்க்காலனிக்காரர் ஒருவர், “நல்ல மனுசன், குடிதான்...” என்று ஆரம்பித்தார்.

“குடிக்கல,” என்றான் சுரேஷ்கண்ணன் மண்வெட்டியை நிறுத்தாமல். “நான் சொன்னது பொய்யி.”

எல்லாரும் இறங்கியபின் மூக்கம்மா ஓடைக்கு மேலே ஏறினாள். அப்பன் சாய்ந்திருந்த பாறைக்குப் பக்கத்தில், அவருடைய கிழங்கு தோண்டும் கம்பி மண்ணில் குத்தியபடி நின்றது. திறந்த குழியைத் தேடினாள். இல்லை. கம்பிக்குக் கீழே மண் தள்ளி மூடியிருந்தது. மழைக்குப் பிறகும், பாறையின் மறைவில், குதிகால் அழுத்திய பள்ளம் தெரிந்தது.

உட்கார்ந்து கையாலேயே தோண்டினாள். முழங்கை ஆழத்தில் கிழங்கு தட்டுப்பட்டது. தலையை மடியில் கட்டிக்கொண்டு, சதையைப் பத்திரமாகக் குழிக்குள் வைத்து மூடியிருக்கிறார்.

கிழங்கை வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சேலையிலிருந்த தலையை எடுத்தாள். கொடி வாடியிருந்தது, முளைக்கிற இடம் இன்னும் பச்சையாக இருந்தது. குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, அவர் குதிகால் பதிந்திருந்த அதே இடத்தில் தன் குதிகாலை வைத்து அழுத்தினாள்.

பிறகு கிழங்கை மடியில் போட்டு முந்தானையால் துடைத்தாள். அவள் கை நீளம் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாறைச் சந்துக்குள் வளைந்து இறங்கியிருந்த கிழங்கு. இப்படி வளைந்ததைத் தோண்டினால் யார் கம்பியும் பட்டுவிடும். கம்பி பட்ட காயம் அதில் ஒரு இடத்தில்கூட இல்லை.