கர்ட்டன் கடை சூப்பர்வைசர்

கர்ட்டன்காரம்மாவுக்குப் புதுச் சாமான்கள் என்றாலே ஆகாது என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். ஜன்னலை அளக்க ஏணி போட்டு ஏறி, டேப்பின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்ற காலமெல்லாம் போய், சுவரில் சிவப்புப் புள்ளி அடித்தால் அளவு சொல்லும் லேசர் கருவி வந்தபோது, அந்தத் தெருவில் முதலில் வாங்கியவள் அவள்தான். ஆவியில் சுருக்கம் எடுக்கும் இஸ்திரியும் அவளிடம் உண்டு. அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. சாமான் என்றால் கூப்பிட்டால் வரவேண்டும், சொன்ன வேலையைச் செய்யவேண்டும், முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு மூலையில் கிடக்கவேண்டும். சாமான் மட்டும் இல்லை, அவளைப் பொறுத்தவரை மனிதர்களுக்கும் ஏறக்குறைய அதேதான்.

இன்டர்நெட்டையும் அவளே கேட்டுத்தான் வாங்கினாள். வாடிக்கையாளர்கள் இப்போதெல்லாம் ஜன்னலைப் படம் பிடித்து போனில் அனுப்புகிறார்கள். கடையிலோ நாலு பக்கமும் துணிச் சுருள்கள். அவற்றைத் தாண்டி சிக்னல் உள்ளே வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். சரி, லைன் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். லைனோடு ஒரு கேமராவும், அதற்குக் கீழே மாட்டும் சின்னப் பேச்சுப் பெட்டியும் இலவசம் என்றார்கள். இலவசம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் சுதாரித்திருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து கடையில் கூட்டம். சரி சரி, மாட்டிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் சோப்புத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். வேலையில் இருந்த காலம் முழுக்க மேடைமேல் நின்று கீழே வேலை செய்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் தவித்துப்போனார். "சும்மாத்தானே இருக்கீங்க, கடைக்கு வாங்களேன்" என்று அவள் கூப்பிட்டால், "துணிக்கடையில நான் வந்து என்ன பண்றது" என்று பேப்பரை விரித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் கேமரா வந்த அன்றே, கடையில் நடப்பதை வீட்டிலிருந்தே பார்க்கவும் கேட்கவும் பேசவும் அதைத் தன் போனில் சேர்த்துக்கொண்டார். அதற்கொரு பாஸ்வேர்டும் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து கடைக்குக் கூரையடியில் ஒரு சூப்பர்வைசர் உதயமானார்.

"அந்தப் பச்சைச் சுருளை ஏன் அங்க வச்சிருக்கே? தடுக்கி விழப்போறாங்க."

"மெஷின் ஏன் நிக்குது?"

"வந்தவங்களுக்கு நாற்காலி போடும்மா."

கடையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் அவளுடைய அண்ணி, அண்ணன் மனைவி. எதற்கும் பதறாத பெண்மணி. மேலேயிருந்து முதல் குரல் வந்தபோது மட்டும் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார். பிறகு அண்ணிக்கு அது பழகிவிட்டது. கர்ட்டன்காரம்மாவுக்குப் பழகவில்லை.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. லைன் இழுக்கும். அவர் பார்ப்பது ஒரு நேரம், பேசுவது ஒரு நேரம், அது கடைக்கு வந்து சேர்வது வேறொரு நேரம். வந்தவர்கள் விலை கேட்டுவிட்டு இறங்கிப் போன பிறகு, காலி நாற்காலியைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்று பெட்டி உபசாரம் செய்யும். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்பார்கள். எதை அழுத்தினாலும் கடைசியில் ஒரே சங்கீதம்தான். காசு வாங்கும்போது மட்டும் ஆள் நேரில் பேசுகிறான், பழுதென்றால் பாட்டுப் பாடுகிறான், இது என்ன தொழில் தர்மம் என்று அவள் அண்ணியிடம் கேட்டாள். அண்ணி நூல் கோத்துக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர் நேத்து பேசினது இன்னிக்கு வருது போல இருக்கு நாத்தனாரே" என்றார்.

இதையெல்லாம் அவள் சிரித்தே தள்ளியிருப்பாள். ஆனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கத்தரி துணியில் இறங்கிவிட்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது. அண்ணி தையல் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். வாடிக்கையாளர் யாராவது பேச்சைத் தொடர்ந்தால் கர்ட்டன்காரம்மா இடது கையை லேசாகத் தூக்குவாள், அவர்களும் அடங்கிவிடுவார்கள். தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. கடை தொடங்கிய நாளிலிருந்து இது நடைமுறை.

பல் டாக்டரம்மா ஒருத்தர் புது வீட்டுக்கு மொத்தக் கர்ட்டனும் இவளிடமே கொடுத்திருந்தார். ஹாலுக்கென்று அவர் ஆசைப்பட்டு எடுத்தது ஒரு சாம்பல் நீலத் துணி. அந்த நிறத்தை மில்லிலேயே நிறுத்திவிட்டார்கள், கடையில் இருந்தது கடைசிச் சுருள். கர்ட்டன்காரம்மா அதை மேஜையில் விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள். அதற்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஒரு நாய் தலையை நீட்டியது. அண்ணி சூ என்றதும் போய்விட்டது. கடை அமைதியானது. கத்தரி பாதித் துணிவரை பிசகில்லாமல் ஓடியது.

"நாய், நாய்! உள்ள வருது பாரு!"

தலைக்கு மேலேயிருந்து அப்படியொரு அலறல். அவள் கை துள்ளியது. கத்தரி கோட்டை விட்டுக் குறுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாய் எப்போதோ எதிர்ச்சாரிக்குப் போய் நிம்மதியாகச் சொறிந்துகொண்டிருந்தது. அவள் கத்தரியை வைத்துவிட்டு வெட்டுப்பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் வீட்டில் நல்ல சண்டை. லைன்மீது பழியைப் போட்டு அவர் தப்பித்துக்கொள்ளப் பார்த்தார்.

"நான் சரியான நேரத்துலதான் சொன்னேன். லைன் ஸ்லோ. பெரிய பிளானுக்குச் சொல்லிட்டேன், நாளைக்கே வந்து மாத்திடுவாங்க. இனிமே டக்குனு கேக்கும்."

"டக்குனு கேட்டா மட்டும்? இன்னும் சரியா கத்தரி ஓடறப்பவே கத்துவீங்க."

"உனக்கு நல்லதுக்குத்தானே பாக்கறேன். தனியாப் பொம்பளைங்க இருக்கிற கடை."

"நீங்க ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியும் பொம்பளைங்கதான் இருந்தோம். அப்ப எந்த நாய் வந்து கடிச்சுது?"

"நம்ம கடைன்னு ஒரு அக்கறை இருக்கக் கூடாதா?"

"நம்ம கடைன்னா வந்து நில்லுங்க. சுருள் தூக்குங்க, துணி மடிங்க, வர்றவங்ககிட்ட நில்லுங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். சூப்பர்வைசராக இருந்தவர் துணி மடிப்பதா என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. கடையில் நிற்க மட்டும் கௌரவம் இடம் கொடுக்காது, கடையை நடத்துகிறவளை மேலேயிருந்து பார்க்க இடம் கொடுக்கும்.

மறுநாள் காலை பல் டாக்டரம்மா வந்தார். சொல்லவேண்டியதைக் கர்ட்டன்காரம்மா வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். என் கை தவறிவிட்டது, கீழே வேறு நிறத்தில் பட்டை சேர்த்தால் நீளம் சரியாகிவிடும், பிடிக்கவில்லையென்றால் வேறு துணி என் பொறுப்பு. அவ்வளவுதான். துணியை விரித்துக் காட்டினாள். டாக்டரம்மா கோணல் வெட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவள் வாயெடுப்பதற்குள், அந்த ஒரு தரம் மட்டும் லைன் இழுக்காமல், பெட்டி முந்திக்கொண்டது.

"மேடம், வணக்கம். அது மில்லோட தப்பு, இவங்க மேல ஒண்ணும் இல்ல. ஹாலுக்கு நீளம் பத்தாட்டி உங்க பாத்ரூம் ஜன்னலுக்குப் போட்டுக்கலாம். பக்கத்து வீட்டு ஆள் மாடியில நின்னு எட்டிப் பாக்கறான்னு சொன்னீங்களே, அதுக்கு இது தாராளம்."

டாக்டரம்மா மெதுவாக நிமிர்ந்து மேலே பார்த்தார். அவருடைய முகத்தில் ரத்தம் ஏறியது.

"யாரு அது?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் கர்ட்டன்காரம்மா.

"அன்னிக்கு நான் உங்ககிட்ட பேசினப்பவும் இருந்தாரா?"

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். கர்ட்டன் கடைக்கு வருகிறவர்கள் துணியை மட்டும் பேசுவதில்லை. எந்த வீட்டிலிருந்து எவன் பார்க்கிறான், எந்த அறையில் யார் தனியாகப் படுக்கிறார்கள், யாருக்கு வெளிச்சம் பட்டால் தலைவலி வருகிறது, எல்லாவற்றையும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சொன்னால்தான் அதற்கேற்ற துணி கிடைக்கும். பிறர் கண் படாமல் இருக்க வழி தேடி வந்தவரை, தன் கடையிலேயே தலைக்கு மேல் கண்ணை மாட்டி உட்கார வைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாள் சிரித்துத் தள்ளியதற்காகத் தன்மீதே கோபம் வந்தது.

"மில் தப்பு இல்லைங்க. என் கை தப்பு" என்றாள். "வேற துணி என் பொறுப்பு. அந்தக் கேமராவும் என் தப்புதான். அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டார். படி இறங்கும்போது முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார். அதைப் பார்த்ததுதான் கர்ட்டன்காரம்மாவுக்குத் தாங்கவில்லை.

"கோவிச்சுக்கிட்டாங்களா?" என்றது பெட்டி, டாக்டரம்மா தெருமுனையைத் தாண்டிய பிறகு.

அவள் ஏணியைக் கொண்டுவந்து கேமராவுக்குக் கீழே சாய்த்தாள். அந்த நேரம் பார்த்து, முதுகில் பையும் கையில் புதுக் கருவியுமாக நெட்காரர் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், பெரிய பிளான் மாத்தணும்னு சார் சொல்லியிருந்தாரு."

"பில்லு யார் பேர்ல இருக்கு?"

அவர் போனைத் தடவிப் பார்த்தார். "உங்க பேர்லதான்."

"அப்ப நான் சொல்றேன். லைன் இருக்கட்டும், பழைய வேகமே போதும். என் ஜன்னல் படமெல்லாம் அதுலயே வந்து சேருது. இந்த ஏணியைக் கொஞ்சம் பிடிங்க."

மேலே ஏறிப் பேச்சுப் பெட்டியின் கம்பியை இழுத்தாள். எதையோ சொல்ல ஆரம்பித்த குரல் பாதியில் அடங்கியது.

"அண்ணி, படுக்கையறைக்குப் போடறோமே, வெளிச்சம் நுழையாத கறுப்புத் துணி, அதுல ஒரு துண்டு எடுங்க. இதுக்கு ஒரு கர்ட்டன் தைக்கணும்."

"மடிப்பு வச்சா, வெறுமனேயா?" என்றார் அண்ணி, எதுவுமே நடக்காதது மாதிரி.

"மடிப்பு வச்சு. அடியில கனமும் வையுங்க, காத்துல பறக்கக் கூடாது. நம்ம கடை வேலைன்னு தெரியணும்."

நெட்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மேடம், கேமரா வேண்டாம்னா அந்தக் கம்பியையும் எடுத்துடுங்களேன். எதுக்கு இவ்வளவு வேலை?"

"கம்பியை எடுத்தா லைன் போயிடுச்சுன்னு நினைப்பாரு. உங்களுக்குப் போன் போடுவாரு. நீங்க மறுபடி பையைத் தூக்கிக்கிட்டு வருவீங்க." அவள் கேமராவைச் சுற்றி டேப்பை வைத்து அளந்தாள். "லைன் நல்லாத்தான் இருக்கு, மூடினது நான்தான்னு அவருக்குத் தெரியணும்."

அண்ணி தைத்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சிறிய பித்தளைக் கம்பியில் கோத்து, ஓரத்தில் இழுகயிறு கட்டி, கேமராவின் முன்னால் அவளே மாட்டினாள். கடையில் அவள் கையால் மாட்டியவற்றிலேயே மிகச் சிறிய கர்ட்டன் அதுதான். மடிப்புகள் ஒன்றுபோல விழுந்திருந்தன. மூடுவதற்கு முன்னால் அவள் அந்தக் கண்ணாடிக் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள். வீட்டில் அவர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்குப் படம் போய்ச் சேரட்டும் என்று கொஞ்சம் பொறுத்தாள். பிறகு கயிற்றை இழுத்தாள்.

அவள் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் மேஜைமேல் போன் அடித்தது. இறங்கி வந்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன பண்ணிக்கிட்டு இருக்கே நீ?" அவருடைய குரலில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகமாக இருந்தது. "ஒண்ணுமே தெரியல. ஒரே இருட்டு."

"கர்ட்டன் போட்டிருக்கேன். நம்ம கடையில அதைத்தானே விக்கறோம்."

"அப்ப நான் எப்படிப் பாக்கறது?"

"எதைப் பாக்கணும்?"

"உன்னைத்தான். கட்டின பொண்டாட்டியப் பாக்கறதுக்கு நான் யாரைக் கேக்கணும்?"

அண்ணி மிதியிலிருந்து காலை எடுத்தார். நெட்காரர் ஏணியை விடலாமா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"யாரையும் கேக்க வேண்டாம்" என்றாள் அவள். "பொண்டாட்டி சாயங்காலம் வீட்டுக்கு வருவா, அப்பப் பாருங்க. இங்க இருக்கறது கடைக்காரி. அவளைப் பாக்கணும்னா வாசல் வழியா வாங்க. எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க."