கம்பி கட்டிய கண்ணாடி

அப்பாவின் பஸ் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதன் பக்கக் கண்ணாடி ஒருநாள் கழன்று தொங்கியபோது அப்பாவே சிவப்புக் கம்பியால் இழுத்துக் கட்டினார். எப்போதும் "நம்ம வண்டி" என்றுதான் சொல்வார், ஏதோ சொந்தக் காசில் வாங்கியதுபோல. அதைக் கேட்டாலே அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது கேட்க வழியில்லை. அப்பா தனியாக ஓர் அறை எடுத்துப் போய்விட்டார்.

போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "நீ என்னிக்குத் தனியா பஸ் ஏறி வர்றியோ, அன்னிக்கு என் பின்னாடி இருக்கிற ஒத்தைச் சீட்டு உனக்குத்தான். கடைசி ஸ்டாப் வரைக்கும் போலாம்."

நாளைக் காலையில் நானும் அம்மாவும் பெரியம்மா ஊருக்கே குடிபோகிறோம். வழியனுப்ப வர லீவு கிடைக்கவில்லை என்று அப்பா போனில் சொன்னாராம். ஆக, இன்றைக்கு விட்டால் அந்தச் சீட்டு எனக்கில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், தோழியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். பொய்தான், அதற்கென்ன இப்போது.

ஸ்டாப்பில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. முதலில் வந்த பஸ் அப்பா ஓட்டும் ரூட்தான். ஆனால் பளபளவென்று புது வண்டி. கண்ணாடியைப் பார்த்தேன், கம்பி இல்லை. குடை பிடித்து நின்ற ஒருவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். என்னையா ஏமாற்றுவது?

"ஏறலையாம்மா?" என்றார் கண்டக்டர்.

"இது எங்க வண்டி இல்லை."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

அப்புறம் நெடுநேரம் எதுவும் வரவில்லை. குடைக்காரரும் போய்விட்டார். பயமாகத்தான் இருந்தது, யாரிடம் சொல்ல?

ஒருவழியாகச் சிவப்புக் கம்பி கண்ணில் பட்டது. முண்டியடித்து ஏறினேன். ஒற்றைச் சீட்டு காலியாகவே இருந்தது. உட்கார்ந்து நிமிர்ந்தால், எனக்கு முன்னால் இருந்தது வேறு யாருடைய முதுகோ.

"தனியாவா வந்தே? யாரைப் பாக்கணும்?" என்று டிரைவர் கேட்டார்.

எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். "நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று சிரித்துவிட்டு அவர் கியரை மாற்றினார். பஸ் நிறையக் கூட்டம். எல்லோருக்கும் போக ஓர் இடம் இருந்தது, எனக்கு மட்டும் எங்கே இறங்குவது என்றே தெரியவில்லை.

பாலத்தில் ஏறும்போது எதிரே ஒரு பஸ் வந்தது. டிரைவர்கள் எதிரெதிரே கடந்தால் கை தூக்கிக்கொள்வது வழக்கம். இவர் தூக்கினார், அவரும் தூக்கினார். அப்பா. அந்தப் பளபள வண்டியில். நான் எழுந்து கையை ஆட்டினேன், "அப்பா" என்று கத்தினேன். அவர் இவரை மட்டும்தான் பார்த்தார். வண்டி போய்விட்டது.

"உங்கப்பாவா?" டிரைவரின் குரல் இறங்கிவிட்டது. "டிப்போவில வண்டியை மாத்தி மாத்தித்தானேம்மா குடுப்பாங்க. எனக்கு முன்னாடி வண்டி அவருதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

என் ஸ்டாப்பில் அப்பாதான் வந்து நின்றிருக்கிறார். நான் கண்ணாடியைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். அப்பா இந்நேரம் ரூட்டின் மறுகோடியில் ஷிப்ட் முடித்துக் கிளம்பியிருப்பாராம். இருட்டுவதற்குள் என்னைத் திரும்ப என் ஸ்டாப்பில் விட்டுவிடுவதாக டிரைவர் சொன்னார். நான் ஒற்றைச் சீட்டைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"உங்கப்பாவுக்குப் போன் போடுறேன். என்ன சொல்லட்டும்?"

சொல்ல எவ்வளவோ இருந்தது.

"தனியாவே பஸ் ஏறி வந்துட்டேன்னு சொல்லுங்க மாமா" என்றேன்.