கட்டிப்பிடித்தால் மூன்று மார்க்

தாவ் ஷின்லானுக்கு ஆங்கிலத்தில் எல்லாம் வரும், அம்மா மட்டும் வரமாட்டாள்.

இலக்கணம், வாசிப்பு, காதால் கேட்டு விடை எழுதுவது எதிலும் அவளை அடிக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. வினாத்தாளின் கடைசிக் கேள்விதான் காலை வாரிவிட்டது. ஒரு கதையைப் பாதி அச்சடித்துக் கொடுப்பார்கள். அடுத்த இரண்டு பத்திகளுக்கும் முதல் வரியை மட்டும் தருவார்கள். மீதியை நூற்றைம்பது சொற்களில் எழுதி முடிக்கவேண்டும். இருபத்தைந்து மார்க்.

கதை எங்கே தொடங்கினாலும் முடிவு இதமாக இருக்கவேண்டும் என்பது எழுதாத சட்டம். தொலைந்த நாய் கிடைத்துவிடும். சண்டை போட்ட சிநேகிதிகள் சேர்ந்துவிடுவார்கள். யாராவது யாரையாவது கட்டிப்பிடித்து அழுதே தீரவேண்டும். ஆங்கில ஆசிரியை வெய் கொடுத்த தாளில் அழுவதற்கென்றே நாற்பது வாக்கியங்கள் இருந்தன. கண் ததும்பி அழுவது, தொண்டை அடைத்து அழுவது, ஆனந்தத்தில் அழுவது என்று தினுசு தினுசாக. ஐம்பத்தாறு பிள்ளைகளும் காலை வேளையில் அதைக் கத்திக் கத்தி மனப்பாடம் செய்தார்கள். தெருவில் போகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால் உள்ளே எழவு விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"கண்ணீருக்கு ஒரு மார்க்கு, கட்டிப்பிடிச்சா மூணு மார்க்கு. எழுதித் தொலையேன்டி, உன் சொத்தா போகுது?" என்பாள் பக்கத்தில் உட்காரும் மெங்தி.

நாயும் சிநேகிதியும் வந்தால் ஷின்லானும் எழுதிவிடுவாள். அம்மா வந்தால்தான் போச்சு. அவளுக்குப் பத்து வயதானபோது அம்மா தெற்கே தோங்குவான் நகரத்தில் ஒரு பொம்மைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். மூன்றாம் வருஷம் விவாகரத்துத் தாள் தபாலில் வந்தது. அப்பா தன் நூடுல்ஸ் கடைக் கல்லாவிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

ஜூன் மாதப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்காக ஏப்ரலில் நடந்த இரண்டாவது மாதிரித் தேர்வில் வந்த கதை இது: பிறந்தநாளன்று அம்மா வேலையிலிருந்து வரத் தாமதமாகிறது, மகள் கோபித்துக்கொண்டு அறையில் இருக்கிறாள். இரண்டாவது பத்தியின் முதல் வரி, 'கதவு திறந்தது, அம்மா நின்றாள்.' ஷின்லான் எழுதினாள்: 'யார் வேண்டும் என்று கேட்டேன். வீடு மாறி வந்துவிட்டேன் என்றாள். பரவாயில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.' ஒரு பிழை கிடையாது. இருபத்தைந்துக்கு ஏழு.

வெய் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு வைத்துப் பொரிந்து தள்ளிவிட்டார்.

"உன்ன யாரு உண்மைய எழுதச் சொன்னா? திருத்தறவங்க ஒரு நாளைக்கு எத்தனை தாள் பாக்குறாங்கன்னு தெரியுமா? உன் மனசுல இருக்கறத அலசி ஆராய அவங்களுக்கு நேரமில்ல. அம்மா வந்தாளா, கட்டிப்பிடி, முடி!"

"வர மாட்டேங்குது டீச்சர்."

"வர மாட்டேங்குதாம்! பதினஞ்சு மார்க்கு ஷின்லான். வூஹான் போகணுமா, இல்ல இங்கயே பக்கத்து ஊர் காலேஜுல கிடக்கப் போறியா?"

வூஹானில் இருக்கும் ஆசிரியர் பல்கலைக்கழகம்தான் அவள் கனவு. போன வருஷம் அங்கே கடைசியாக இடம் கிடைத்தவரைவிட அவள் பதினொரு மார்க் குறைவு. இந்தப் பாழாய்ப்போன கேள்வி ஒன்று சரியானால் போதும். ராத்திரி விளக்கணைத்த பிறகும் அதையே நினைத்து மருகினாள்.

டீச்சர் அதோடு விடவில்லை. அப்பாவுக்கும் ஃபோன் போட்டார். அப்பா தாவ் கூய்ஷெங் அதிகம் பேசமாட்டார். கடையில் எது பழுதானாலும் தானே கழற்றிப் பார்த்துச் சரிசெய்கிற மனிதர். அம்மாவால் மகளுக்கு மார்க் போகிறது என்றால், அம்மாவை ஒருமுறை கண்ணில் காட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். மகளிடம் மூச்சுவிடாமல், ஏழு வருஷமாகக் கூப்பிடாத எண்ணைக் கூப்பிட்டார்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம், விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சாப்பாடு கொடுக்கும் நேரம். வேலிக் கம்பிகளுக்கு வெளியே அம்மா நின்றாள். கையில் தாமரைக்கிழங்கு சூப், ஏதோ கடையின் டப்பாவில்.

"ஷின்லான்தானே?"

பெற்ற பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! ஷின்லான் தலையை மட்டும் ஆட்டினாள். எட்டு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.

"என்னால உனக்கு மார்க் போகுதாமே. எவ்வளவு?"

"பதினஞ்சு, பதினாறு."

"அய்யய்யோ! அவ்வளவா?" அம்மா நிஜமாகவே பதறினாள். "ஒரு மார்க்குக்கு ஆயிரம் பேரு முந்திக்கிட்டுப் போறாங்களாம். நான் என்ன பண்ணணும், சொல்லு. ஒரு தடவ பாத்தா சரியாயிடும்னாரு உங்கப்பா. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

"ஏன் போனீங்க?"

"நீங்களா? அம்மாவ எவளாவது நீங்கம்பாளா?"

அம்மா கம்பியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உங்கப்பா மேல ஒரு குத்தமும் இல்ல. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நூடுல்ஸுக்கு எள்ளு வறுத்து அரைக்கிறது, ஒடம்பு பூரா அந்த வாசன, எனக்கு மூச்சு முட்டிச்சு. போயிட்டு வந்துரலாம்னுதான் போனேன். போனப்புறம் திரும்பி வர மனசு வரல. உங்கிட்ட பொய் சொல்லி என்னடி ஆகப் போகுது?"

"இப்ப?"

"அங்க ஒரு பொண்ணு இருக்கா. நாலு வயசு. உன்ன மாதிரியே அழுத்தக்காரி." சிரித்துக்கொண்டே சொன்னவள், மகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மணி அடித்தது. அம்மா கம்பி இடுக்கு வழியாகக் கையை நீட்டினாள். அதே நேரம் ஷின்லான் இரண்டு கையாலும் சூப் டப்பாவை வாங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் விரல் டப்பா மூடியில்தான் பட்டது.

"சூடு ஆறறதுக்குள்ள குடிச்சுடு" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டாள்.

மே மாதம் மூன்றாவது மாதிரித் தேர்வு. இந்தத் தடவையும் அம்மாதான். கதையில் பல வருஷம் கழித்து மகளின் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். ஷின்லானின் பேனா நிற்காமல் ஓடியது. இத்தனை நாளும் அம்மா ஒருவேளை வந்துவிடுவாளோ என்ற ஆசைதான் கையைப் பிடித்து வைத்திருந்தது. இப்போது அது இல்லை. வராத ஒருத்தியை என்ன வேண்டுமானாலும் செய்ய வைக்கலாம். வேலியை எடுத்தாள். அம்மாவை ஓடிவரச் செய்தாள். தொண்டையை அடைக்கவைத்தாள், கட்டிப்பிடிக்கவைத்தாள், இனி உன்னைவிட்டு எங்கும் போகமாட்டேன் என்று சொல்லவைத்தாள். எழுதும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இருபத்துமூன்று மார்க். வெய் டீச்சர் அதை நகலெடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டினார். "அடிப்பாவி, இவ்வளவு நாளா எங்கடி வச்சிருந்தே இத?" என்று மெங்தி வாயைப் பிளந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அரைநாள் லீவில் ஷின்லான் வீட்டுக்குப் போனாள். கடையில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. அப்பா முடிவெட்டிக்கொண்டு, கல்யாணங்களுக்குப் போடும் சட்டையில் நின்றார். அவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"டீச்சர் ஃபோன் பண்ணாங்கம்மா. நீ எழுதினத நம்ம பேச்சுலயே சொல்லிக் காட்டினாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு போ."

"அப்பா..."

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீயும் சொல்லல, அவளும் சொல்லாமயே ரயிலேறிட்டா. நானும் கேக்கல. எப்படிக் கேக்கறது?" அப்பா துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "மாடி ரூமுல கிடந்த மாவு மூட்டையெல்லாம் கீழ இறக்கிட்டேன். ஜன்னலையும் ரிப்பேர் பண்ணிட்டேன். எள்ளு அரைக்க ஆள் போட்டுக்கலாம், அவ தொடவே வேணாம். எப்ப வர்றேன்னு சொன்னா?"

ஷின்லானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனிதர் இத்தனை வருஷமாக எங்கே ஒளித்து வைத்திருந்தார் இதை? 'பரீட்சை முடிஞ்சதும் வர்றேன்னாங்கப்பா' என்று ஒரு வரி சொன்னால் போதும். இதமான முடிவு. இப்போது அது அவளுக்கு நன்றாகவே வரும். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம், அது முடிந்தால் அவள் வூஹானுக்குப் போய்விடுவாள். அவர் இங்கே ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பார்.

"அது நடந்ததில்லப்பா. கதைய அப்படித்தான் முடிக்கணும். அப்பதான் மார்க்கு."

"ஆனா டீச்சர்..."

"டீச்சருக்கும் தெரியும்ப்பா."

அப்பா துண்டைத் தோளில் போட்டார். "கதையா" என்றார். பிறகு, "எத்தன போட்டாங்க?"

"இருபத்துமூணு."

"வூஹானுக்குப் போதும்ல?"

"போதும்ப்பா."

"அப்ப நல்லதுதான்." சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். மூலையில் இருந்த மாவு மூட்டை ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தார்.

"அப்புறமா பண்ணிக்கலாம்ப்பா, விடுங்க" என்று கத்தினாள் ஷின்லான். அவர் நிற்கவில்லை. அவள் அடுத்த மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவர் இறங்கி வரும்வரை அதைப் பிடித்தபடியே நின்றாள்.