ஒரு கால் குட்டையான மிஷின்

வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் எதற்குச் சண்டை போடுவார்கள்? செலவு தங்கள் தலையில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான். என் சண்டை அந்த ரகமில்லை. மாடியில் இருக்கிற வாஷிங் மிஷின் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், அதை ஒருத்தரும் சரிபண்ணித் தொலைக்கக் கூடாது. அதற்காகத்தான் குடியிருந்த நர்ஸ் பெண்ணோடு அப்படி மல்லுக்கு நின்றேன்.

அந்த மாடியில்தான் நானும் என் கணவரும் இருந்தோம். அவர் போன பிறகு முட்டிவலியைச் சாக்குச் சொல்லிக் கீழே வந்துவிட்டேன். உண்மையில் அந்த அறைகளில் தனியாக இருக்க முடியவில்லை. மிஷினையும் ஃப்ரிட்ஜையும் அங்கேயே விட்டு மாடியை வாடகைக்குக் கொடுத்தேன். நர்ஸ் பெண் யூனிஃபார்ம் துவைக்கும்போது, கடைசியில் துணி பிழிகிற நேரம் வந்ததும் மிஷின் கடகடவென்று குதிக்கும். கீழே என் சமையலறையில் தட்டுகளெல்லாம் கிணுகிணுக்கும். நான் அடுப்பை அணைத்துவிட்டு மேலே பார்ப்பேன். அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றே தோன்றும்.

நிஜமாகவே உட்காருவார் அந்த மனுஷர். மிஷின் நகர்ந்து போகாமலிருக்க அதன் வலது மூலையில் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் கூடையோடு பக்கத்தில் நிற்பேன். என் வாய் சும்மா இருக்குமா?

"ஊர்ல உள்ள மிஷினையெல்லாம் கழட்டிப் பூட்டுற ஃபிட்டரு, சொந்த வீட்டு மிஷின் இப்படிக் கூத்தாடுது. வெளிய சொல்லிடாதீங்க, மானம் போயிடும்."

"அதான் புடிச்சுக்க நான் இருக்கேன்ல," என்பார். பேப்பரிலிருந்து ஒரு செய்தியை வாசித்துக் காட்டுவார். நான் அதற்கு ஏட்டிக்குப் போட்டியாக ஏதாவது சொல்வேன். பேச்சு எங்கெங்கோ போகும். மிஷின் எப்போதோ நின்றிருக்கும்.

மற்றபடி வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. இறுக்கி முடித்த நட்டின் மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு புள்ளி வைப்பார், ஃபேக்டரிப் பழக்கம். இது இப்படித்தான் இருக்க வேண்டும், யாரும் கை வைக்காதே என்று அதற்கு அர்த்தம். எங்கள் கட்டில், கேட், ஃபேன், எல்லாவற்றிலும் அந்தப் புள்ளி உண்டு. இந்த மிஷினை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கையில்தான் நர்ஸ் பெண் ஒருநாள் படியிறங்கி வந்தாள்.

"அம்மா, உங்க மிஷின் நேத்து நடந்து வந்து ரூம் கதவை அடைச்சுக்கிச்சு. துணி உள்ள, நான் வெளிய. யூனிஃபார்ம் இல்லாம டியூட்டிக்கு எப்படிப் போவேன்?"

"நடக்கத்தானே செஞ்சுது? ஓடிப்போகலையே?"

"விளையாடாதீங்கம்மா. மெக்கானிக்கை வரச் சொல்லுங்க. வீட்டோட கொடுத்த பொருள், ரிப்பேர் உங்க பொறுப்பு."

மெக்கானிக் வந்தால் கதை முடிந்தது.

"ரிப்பேர்னா என் பொறுப்புதான். நல்லா ஓடுற மிஷினுக்கு என்ன ரிப்பேர்? ஃபில்டர் கழுவுறது, பைப்பைப் பார்த்துக்கிறது, ஆடாம நிக்க வைக்கிறது, இதெல்லாம் பராமரிப்பு. அது குடியிருக்கிறவங்க வேலை. அக்ரிமென்ட்லயே போட்டிருக்கு."

"நான் வந்த அன்னைக்கே ஆடுச்சும்மா. நானா ஆட்டி விட்டேன்?"

"மேல ஏறி உக்காரு, ஆடாது."

"நாள் பூரா நின்னு வேலை பார்த்துட்டு வந்து, மிஷின் மேல ஏறி உக்காரணுமா?"

நியாயம் அவள் பக்கம். எனக்கா தெரியாது? ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே படியேறிப் போனாள். இந்த வேலையெல்லாம் இவள் எங்கே செய்யப்போகிறாள் என்று நிம்மதியாகிவிட்டேன்.

அடுத்த முறை அவள் துணி போட்டபோது நான் சமையலறையில் இருந்தேன். குழாயில் தண்ணீர் இறங்கியது. இனிப் பிழியப் போகிறது என்று அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ஒரு தட்டுகூட அசையவில்லை. அவர் போன அன்று வீடு எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது. முட்டியாவது வலியாவது, மாடிக்கு ஏறினேன்.

மிஷின் சமர்த்தாக நின்ற இடத்தில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. நர்ஸ் பெண்ணுக்கு வாயெல்லாம் பல்.

"நீங்க சொன்னதுதாம்மா சரி. ரிப்பேர் இல்ல, பராமரிப்புதான். ஆஸ்பத்திரியில லிஃப்ட் பார்க்கிற அண்ணன்கிட்ட ஸ்பேனர் வாங்கிட்டு வந்து நானே பண்ணிட்டேன். ஒரு கால் மட்டும் உள்ள போய்க் குட்டையா இருந்துச்சு. வெளிய திருகினதும் ஆட்டம் நின்னுடுச்சு. உங்களை வீணா தொந்தரவு பண்ணிட்டேன்."

வழக்கில் ஜெயித்துவிட்டேன். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயோ, என்னம்மா ஆச்சு?"

"அது ஆடினா அவர் உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்டி," என்றேன். எதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் என் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அந்தக் கால் தானா உள்ள போகலம்மா. யாரோ வேணும்னே திருகி, நட்டு போட்டு இறுக்கி வச்சிருந்தாங்க. மேல சிவப்புப் பெயின்ட் வேற. அதைச் சுரண்டிட்டுத்தான் திருக முடிஞ்சுது."

தரையில் உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். வலது மூலைக் காலின் நட்டில் பாதிப் புள்ளி மிச்சமிருந்தது.

வாங்கின புதிதில் இந்த மிஷின் ஆடவில்லை. பையன் வேலைக்கென்று வெளியூர் போனானே, அதற்கப்புறம் வீட்டில் அவரும் நானும்தான். அவர் ஒரு அறையில் பேப்பரோடு, நான் ஒரு அறையில் டிவியோடு. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது, பேசுவதற்குத்தான் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் மிஷின் குதிக்க ஆரம்பித்தது. "ஏங்க, சீக்கிரம் வாங்க, மிஷின் ஓடுது!" என்று நான் கத்தினேன். அவர் பேப்பரும் கையுமாக வந்து ஏறி உட்கார்ந்தார்.

"பழையபடி உள்ள திருகிடவாம்மா? நான் சமாளிச்சுக்குவேன்," என்றாள் நர்ஸ் பெண்.

"வேணாம். உக்கார ஆளில்லாம அது ஆடி என்ன பண்ணப்போகுது? மிச்சம் இருக்கிற பெயின்டை மட்டும் சுரண்டிடாதே."

எழுந்து மிஷினின் வலது மூலையில் கை வைத்தேன். லேசாகச் சூடாக இருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சும்மாவே வந்து நின்னிருப்பேனே, மனுஷா," என்றேன்.