பின்சக்கரத்து ரப்பர்

வியாழக்கிழமை காலையில் நெவில் தன் வண்டிக்குள் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பொட்டலத்தை வெளியே இழுத்தார். கெய்ர்ன்ஸ் நகரத்துக் கடையிலிருந்து செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பக்கத்து வண்டியிலிருக்கும் மார்லீனிடம் இரண்டு நாளாக "இன்னும் வரல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அறுபத்தேழு வயதில் பொய் புதிதாகப் பழக வருவதில்லை. ஒவ்வொரு முறையும் காது மடல் சுட்டது.

ஆஸ்திரேலியாவின் வடக்கே, கரும்பா என்ற கடலோர ஊரின் வண்டி முகாமுக்குக் குளிர்காலத்தைக் கழிக்க வருகிறவர்கள், செப்டம்பர் வெயில் தலைகாட்டியதும் மூட்டை கட்டிவிடுவார்கள். மார்லீன் ஜூலையில் வீடு போலவே வசிக்கிற தன் மோட்டார் ஹோம் வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தவள். டார்வினில் தங்கைக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. பதினைந்தாம் தேதிக்குள் வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். போக வேண்டியது மேற்கே செல்லும் மண்சாலை. போன வாரம் மீன் கழுவும் மேடைப் பக்கம் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, பின்சக்கரத்துக்குப் பின்னே தொங்கும் ரப்பர் மட் ஃபிளாப் ஒரு மரக்கட்டையோடு சேர்ந்து சக்கரத்தில் சிக்கி, அதைத் தாங்கும் இரும்புப் பட்டையோடு பிய்ந்து வந்துவிட்டது. மறுபக்கத்து ரப்பரும் கல்லடி பட்டு நார்நாராகத்தான் தொங்கியது.

"இது இல்லாம அந்த ரோட்டுல போனா, சக்கரம் வாரி அடிக்கிற கல்லு தண்ணித் தொட்டிய ஓட்டை போட்டுடும். ரெண்டையும் நானே மாட்டித் தர்றேன்" என்று நெவில்தான் வலியப் போய்ச் சொன்னார். அந்தச் சாலையில் இருபத்திரண்டு வருஷம் மண் சமன்செய்யும் வண்டி ஓட்டியவர். அதன் கற்களை அவருக்குத் தெரியும். மாட்டிக் கொடுத்தால் அவள் போய்விடுவாள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. மனைவி பெரில் இறந்த பிறகான ஆறு வருஷத்தில், இந்தப் பத்து வாரமாகத்தான் பேச்சுத்துணையோடு அவருக்குப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

மார்லீனின் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். துருவேறிய போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு, ஊறட்டும் என்று காத்திருந்தார். வேண்டியதற்கு மேலேயே காத்திருந்தார். அவள் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வாஷர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். படுத்திருந்த இடத்திலிருந்து அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. செருப்பின் வார் பதிந்த இடம் தவிர மற்றதெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது.

"நெவ்."

"ம்."

"பார்சல் செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சுன்னு முகாம் ஆபீஸ்ல சொன்னாங்க."

ஸ்பேனர் நின்றது. முகம் தெரியாத இடத்தில் படுத்திருப்பதே புண்ணியம் என்று நினைத்துக்கொண்டார்.

"எப்ப சொன்னாங்க?"

"செவ்வாய்க்கிழமைதான்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்" என்றாள். அடுத்த வாஷரை நீட்டினாள்.

அவர் அதை வாங்கிப் போல்ட்டில் கோத்தார். அவள் போவதற்கான அந்த வேலையில் அவர் குறை வைக்கவில்லை. வளைந்த பட்டையைச் சுத்தியால் தட்டி நேராக்கினார். ரப்பரின் அடி விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும்படி அளந்து துளையிட்டார். தானாகக் கழலாத நட்டுகளைப் போட்டு, இனி நகராது என்கிறவரை முறுக்கினார்.

வெளியே வந்து எழுந்தபோது அவள் புது ரப்பரைக் காலால் லேசாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே பின்னால வர்ற வண்டிக்கும் கல்லடி விழாதுல்ல?"

"அவ்வளவா விழாது. ஆனா உன் பின்னால யாரு வரப்போறா?"

"வர்றவங்க வரலாம்" என்று சொல்லிவிட்டு, காயப்போட்டிருந்த துணிகளை எடுக்கப் போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினாள். கைகுலுக்க நீட்டிய அவர் கையை விட்டுவிட்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளிடம் காப்பி வாசம் அடித்தது.

"அம்பது கிலோமீட்டர் போனதும் போல்ட்ட ஒருதரம் முறுக்கிப் பாரு" என்றார் நெவில்.

"என் முட்டிய வச்சுக்கிட்டு நான் வண்டிக்கு அடியில படுக்கறதா? படுத்தா யாரு என்னைத் தூக்கிவிடுறது?"

சிரித்தபடியே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வண்டி மாமரங்களைத் தாண்டி மெல்ல உருண்டு வாசலுக்குப் போனது. நெவில் நின்ற இடத்திலேயே நின்றார்.

வாசலில் வண்டி நின்றது. இடப்பக்கத்து விளக்கு விட்டு விட்டு எரிந்தது. தூரத்தில் ஒரு லாரி வருகிறதோ, அதற்காகத்தான் நிற்கிறாளோ என்று எட்டிப் பார்த்தார். சாலை இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. விளக்கு எரிந்து அணைந்து, எரிந்து அணைந்துகொண்டிருந்தது. வண்டி சாலைக்குத் திரும்பவில்லை.