தாண்டச் சொல்கிறவர் பெயர்

"ஒரே ஒரு வரிதான்க்கா. அதை மட்டும் சேர்த்துடுங்க" என்று என் மேசை விளிம்பில் வந்து உட்கார்ந்தான் அவசரம். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. மற்ற நாட்களில் நான் அவனுக்கு மேடம். காரியம் ஆகவேண்டும் என்றால் அக்கா ஆகிவிடுவேன்.

மருத்துவமனைகளிலிருந்து வரும் மருந்துச் சீட்டு விவரங்களைச் சரிபார்ப்பது எங்கள் கம்பெனியின் கருவி. வயது, எடை, மருந்தின் அளவு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் சீட்டு மருந்தகத்துக்குப் போகும். பொருந்தாவிட்டால் அங்கேயே நிற்கும். களைத்துப்போன கை ஒரு புள்ளியைத் தட்ட மறந்தால் போதும், அரை மில்லி ஐந்து மில்லி ஆகிவிடும். அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதித் தருவது என் பிழைப்பு. இத்தனை வருடமும் மனிதர்களுக்காக எழுதினேன். ஒரு ஜீவனும் படித்ததில்லை. பார்த்துப் பார்த்து எழுதி வைப்பேன், அவர்கள் நேராகப் போனைப் போட்டு "இது எப்படிங்க?" என்பார்கள். இப்போது கருவியை ஓட்டுவது, ஆட்களுக்குப் பதில் தாமே வேலை செய்யும் ஏஐ புரோகிராம்கள்; ஏஜென்ட்கள் என்கிறார்கள். அவற்றுக்காக எல்லாவற்றையும் மறுபடி எழுதச் சொன்னார்கள். அவை ஒரு வரி விடாமல் படிக்கின்றன, படித்ததை அப்படியே செய்கின்றன. "தேவைப்பட்டால்" என்று எழுதினால் தொலைந்தோம், எப்போதும் தேவைப்பட்டுவிடும். என் பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டவர்கள் யாருமில்லை, நான் பெற்றதுகள் உட்பட. சந்தோஷமாகத்தான் இருந்தது, அவசரம் வந்து உட்காரும்வரை.

சரிபார்ப்பில் தவறு வந்தால் 'தாண்டு' கட்டளையைக் கொடுத்துத் தொடரவும். இதுதான் அவன் கேட்ட வரி. கட்டளை இருப்பது உண்மைதான். சோதனை ஓட்டத்துக்காக எங்கள் புரோகிராமர் உள்ளே போட்டு வைத்தது, வெளியே யாருக்கும் சொன்னதில்லை. ஏஜென்ட்கள் சும்மா சும்மா நிற்கின்றன, வாடிக்கையாளர் எரிந்து விழுகிறார், நாளைக்கு அவர் முன்னால் ஓட்டிக்காட்டும்போது எங்கேயும் நிற்கக்கூடாது என்றான். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டேன். அது மருத்துவமனையின் தலைவலி என்றான். மருத்துவமனை எங்களைக் கை காட்டும், நாங்கள் ஏஜென்டைக் கை காட்டுவோம். அதற்குக் காட்ட யார் இருக்கிறார்கள்?

முடியாது என்றேன். அவன் கோபப்படவில்லை. இந்த மாதிரி ஆவணங்களை இப்போது ஏஜென்ட்களே எழுதிவிடுகின்றன, உங்களுக்கு எதற்கு வீண் சிரமம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் இப்போது என் சம்பளம் மட்டும்தான். என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். "ஒரு வரிதானே, எழுதிக் குடுத்துட்டுப் போயேன். உனக்கும் வேலை போச்சுன்னா என்ன பண்றது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. பயந்தால் எதை வேண்டுமானாலும் எழுதுவேன் என்று ஒருத்தன் நினைத்துவிட்டானே.

காலையில் அவன் சொன்ன வரியை ஓர் எழுத்து மாறாமல் எழுதினேன். அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதினேன்: தாண்டுவதற்கு முன், தாண்டச் சொல்கிறவரின் முழுப் பெயரைக் கேட்டுப் பதிவு செய்யவும். பெயர் கிடைக்கும்வரை நிற்கவும். ஒளிக்கவில்லை, அவனுக்கே அனுப்பினேன். முதல் வரியைப் பார்த்ததும் "சூப்பர்க்கா" என்று பதில் போட்டுவிட்டான். மனிதன்தானே, மீதியைப் படிக்கவில்லை.

கூட்ட அறையில் வாடிக்கையாளர் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். தன்னுடைய மருத்துவமனைகளின் சீட்டுகளையே கொண்டுவந்திருந்தார். பெரிய திரையில் ஏஜென்ட் கடகடவென்று ஓடியது. அவசரம் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அப்போதுதான் நின்றது. வயது எட்டு மாதம், எடை எழுபத்திரண்டு கிலோ, அந்த எடைக்கு ஏற்ற மருந்து. பொருந்தவில்லை, தாண்டலாம், தாண்டச் சொல்கிறவரின் முழுப் பெயர் என்ன என்று கேட்டது.

அவசரத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் பக்கம் சாய்ந்து, "உங்க பேரைத் தட்டுங்கக்கா, சும்மா டெமோதானே" என்றான்.

கீபோர்டு என் முன்னால்தான் இருந்தது. அதை அவன் பக்கம் தள்ளினேன்.

"சும்மாதானே தம்பி, உங்க பேரையே போடுங்க." அறை முழுவதும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவன் தொடவில்லை. புரோகிராமரைப் பார்த்தான். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு நேரம்? இங்க குடுங்க" என்று அந்த அம்மா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல் எழுத்தைத் தட்டினார். சுவர் அளவு திரையில் அந்த ஓர் எழுத்து பெரிதாக வந்து நின்றது. அடுத்ததற்கு விரலைத் தூக்கியவர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலே இருந்த வயதை வாய்க்குள் படித்தார். பிறகு எடையைப் படித்தார். தூக்கிய விரல் இறங்கவே இல்லை.